பதினோரு புள்ளிகள்

இன்னும் எண்பது மில்லி இருக்கிறது. இப்போது எழுந்துபோய் நர்ஸிடம் நிறுத்துங்கள் என்று சொன்னால் அந்த எண்பது மில்லி நவமணிக்குள் போகாது. ஒரு சொல்தான். அதைச் சொல்ல நாற்காலியை விட்டு எழ வேண்டும், எழுந்தால் நாற்காலி கிறீச்சிடும், கிறீச்சிட்டால் என் தங்கை நவமணி கண்ணைத் திறப்பாள், எங்க போறேக்கா என்பாள். மடியில் துணிப்பை. பைக்குள் ஐஸ் போட்ட ஃப்ளாஸ்க். ஃப்ளாஸ்குக்குப் பின்னால், வளையாமல் இருக்கட்டும் என்று நிமிர்த்தி வைத்த ஸ்கேன் உறை. உறையை நான் திறந்துவிட்டேன். பன்னிரண்டரைக்கு டாக்டர் வந்துதான் திறக்க வேண்டும், அதுதான் முறை. காலையில் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்றதும், பரவாயில்லை, மருந்து கலந்தாச்சு, போட்டுட்டு இருங்க, வந்ததும் பார்த்துக்கலாம் என்று போனில் சொல்லிவிட்டார். ஊசி குத்திய பிறகுதான் எதிர்ச்சாரி ஸ்கேன் சென்டருக்குப் போனேன். வாங்கிக்கொண்டு திரும்பும்போது மாடிப்படித் திருப்பத்தில் ஒரு ஜன்னல். ஜன்னலில் பத்தரை மணி வெயில். பிலிமை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தே முப்பத்தைந்து வருடம் பழகின கை, என்னைக் கேட்காமலே உறையைப் பிரித்துவிட்டது. கட்டம் கட்டமாக அவள் நெஞ்சின் வெட்டுமுகங்கள். போன முறை நுரையீரலில் நாலு புள்ளி. இப்போது பதினொன்று. பழைய நாலும் தடித்திருந்தன. கடைசியில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தார்கள், அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நான் இல்லை. புள்ளியைப் பார்த்துக் கருமையை மதிப்பிடுவதுதான் நான் பார்த்த உத்தியோகம். நாலு முறை போட்ட மருந்து வேலை செய்யவில்லை, ஐந்தாவது மேலே தொங்குகிறது, சொட்டுகிறது, நான் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சிவப்பு. செம்பருத்தியை வெந்நீரில் போட்டால் வரும் சிவப்பு, அல்லது கல்யாண வீட்டு ஆரத்தித் தட்டில் ஆடுகிற சிவப்பு, இல்லை, இரண்டும் இல்லை, ஏன் எதையாவது ஒன்றைப்போல என்று தேடிக்கொண்டே இருக்கிறேன், சிறு வயதிலிருந்தே இந்தச் சனியன் பிடித்த வழக்கம், ஒன்றை அதுவாகவே பார்க்கத் தெரியாமல் இன்னொன்றைக் கொண்டுவந்து அதன்மேல் வைப்பது. பக்கத்து நாற்காலி நூர்நிஷாவுக்கு அது ரோஸ்மில்க். அவளுக்கும் இதே மருந்துதான், அவளுக்கு மார்பில், மூன்றாவது முறை. நாற்பத்தைந்து வயதிருக்கும், ராயப்பேட்டையில் ரவிக்கை தைக்கிறவள். முதல் நாள் ஊசியைக் கண்டு அழுதவளிடம் நவமணிதான் சொன்னாள், பயப்படாத, இது எங்க அக்கா கண்டுபிடிச்ச மருந்தாக்கும், வீட்டுல பிரேம் போட்டு மாட்டியிருக்கு என்று. அன்றிலிருந்து நூர்நிஷா என்னைக் கண்டால் எழுந்து நிற்கப் பார்க்கிறாள். இன்றும் வந்ததும் கேட்டாள், "ஏன் பெரியக்கா, கண்டுபிடிச்சதுதான் கண்டுபிடிச்சீங்க, வேற கலர்ல கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா? நான் இனிமே செத்தாலும் ரோஸ்மில்க் குடிக்க மாட்டேன்." நவமணி விடவில்லை. "சிவப்பா உள்ள போனா சிவப்பாத்தான் வெளிய போவும். பாத்ரூம்ல போயி பயந்து கூப்பாடு போட்டியாமே, சிஸ்டர் சொன்னாவ." "யாருக்கா பயப்படாம இருப்பா? எங்க வீட்டுக்காரர் டாய்லெட்டப் பாத்துட்டு ஆம்புலன்ஸ கூப்பிடப் போயிட்டாரு." இரண்டு பேரும் சிரித்தார்கள், தலையில் கட்டிய துணிகள் ஆட ஆட. நவமணிக்கு நீலத் துணி, நூர்நிஷாவுக்குப் பூப்போட்ட மஞ்சள். நானும் சிரித்தேன். என் வாய் சிரித்தது. அப்போது உறை பையில் இருந்தது. நூறு மில்லியும் பாட்டிலில் இருந்தது, இல்லை, தொண்ணூற்றைந்து.

எழுபத்தைந்து. ஐஸ் கேட்கிறாள். கண்ணைத் திறக்காமலே வாயை மட்டும் திறக்கிறாள். வாய் புண்ணாகாமல் இருக்க, மருந்து இறங்குகிற நேரம் முழுக்க ஐஸைச் சப்பிக்கொண்டிருக்கச் சொல்கிறார்கள், குளிர்ந்தால் அங்கே ரத்த ஓட்டம் குறையும், மருந்தும் குறைவாகப் போகும். ஒரு துண்டை ஸ்பூனில் எடுத்து நாக்கில் வைக்கிறேன். நாக்கு வெளிறி, ஓரமெல்லாம் பல் தடம். இந்த நாக்கு ஒரு காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தது. வெளியூருக்கு டிரங்க் கால் கேட்டவர்களுக்கெல்லாம் இந்தக் குரல் தெரியும், காதில் ஹெட்போன் மாட்டி, மார்பில் மைக் தொங்க, முன்னால் ஆயிரம் துளை உள்ள பலகை, கையில் கயிறு கயிறாகப் பிளக். எக்ஸ்சேஞ்சில் அவள் பேசுவது ஒரு தமிழ், வீட்டுக்கு வந்தால் பாளையங்கோட்டைத் தமிழ். இந்த மருந்து எப்படி வேலை செய்யும் என்று முதல் தடவை கேட்டபோது ஏணி என்றுதான் ஆரம்பித்தேன். செல்லுக்குள்ளே டிஎன்ஏ என்று முறுக்கின ஏணி ஒன்று இருக்கு, நவமணி, படிகள் ஒன்றுக்கு மேல் ஒன்று நெருக்கமாக இருக்கும், இந்த மருந்து தட்டையான தகடு, அது இரண்டு படிக்கு நடுவில் நுழையும், நுழைந்தால் படிகள் விலகி இடைவெளி இரண்டு பங்காகும், முறுக்கு தளரும், அப்புறம் அந்த ஏணியைப் பார்த்து இன்னொரு ஏணி செய்ய முடியாது, செல் பெருக முடியாது. அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள், "புரிஞ்சுட்டு. ரெண்டு பேர் பேசிக்கிட்டிருக்க லைன்ல நடுவுல கொண்டுபோய் நம்ம பிளக்கச் செருகுத மாதிரி. அவுகளும் பேச முடியாது, நாமளும் எடுக்க மாட்டோம்." முப்பத்தைந்து வருடத்தில் என் மாணவர் எவரும் இதைவிட நன்றாகச் சொன்னதில்லை. ஆனால் எந்த லைன் என்று பிளக்குக்குத் தெரியாதே நவமணி. கட்டியின் ஏணிக்கும் முடி வேரின் ஏணிக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது. இதயத்துக்கு வேறொரு வகையில் கெடுதல், ஒருத்திக்கு வாழ்நாள் முழுக்கச் சேர்த்து இவ்வளவுதான் போடலாம் என்று அதற்கொரு வரம்பே இருக்கிறது. நாங்கள் அந்த வரம்பை நோக்கிச் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருக்கிறோம். முடி போனது. வாய் போனது. கட்டி மட்டும் நாலிலிருந்து பதினொன்று.

என் மருந்து என்கிறாள். இது என் மருந்து இல்லை. எங்கோ ஒரு தேசத்து மண்ணில் வாழ்ந்த கிருமியிலிருந்து யாரோ எடுத்தது, அது ஏணியில் எப்படி நுழைகிறது என்பதைப் படிகமாக்கிப் பார்த்தவர்களும் வேறு யாரோ. அவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்கள் படிகம் சிவப்பாக வளர்ந்திருக்கும். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். என் மருந்துக்கு நிறமில்லை. வேதியியல் துறைக்காரர் ஒருவர் செய்து ஒரு சின்னக் குப்பியில் கொடுத்தார், உப்புப்போல வெள்ளைத் தூள், பிறைபோல வளைந்த மூலக்கூறு. அது படிகளுக்கு நடுவே நுழையாது, ஏணியின் வெளிப்பக்கம் ஓடும் குறுகலான பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பது எங்கள் எண்ணம். எண்பத்தாறாம் வருடம். பல்கலைக்கழகத்தில் படிகம் வளர்க்கும் குளிரறைக்கு மே மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போவேன், அதைக் கழற்ற மறந்து பஸ் ஏறினால் கண்டக்டர், அம்மாவுக்குக் காய்ச்சலா என்று கேட்பான். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, விளிம்பில் கிரீஸ் தடவி மூடி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சொட்டு. அப்போதும் சொட்டுதான், இப்போதும் சொட்டுதான், நான் சொட்டைப் பார்த்துக்கொண்டே கிழவியானவள். இரண்டு முறை கரண்ட் போய் எல்லாம் கரைந்தது. மூன்றாவது முறை ஒரே ஒரு படிகம், அரிசி நொய்யில் பாதி, நிறமே இல்லாமல், தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீர்போல. அதன்மேல் எக்ஸ்ரே விட்டால் பிலிமில் புள்ளிகள் விழும். மருந்தும் தெரியாது ஏணியும் தெரியாது, புள்ளிகள் மட்டும். எந்தப் புள்ளி எவ்வளவு கருப்பு என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதி, கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் அது ஆள் உயரத்துக்குத் தாள் தாளாக எண்களைத் துப்பும். அந்த எண்களின்மேல் கண்ணாடித் தாளை விரித்து, ஒரே எண் உள்ள இடங்களை மலைப்படத்தில் கோடு போடுகிற மாதிரி சேர்த்து வரைய வேண்டும். அப்படி நாற்பத்தெட்டுத் தாள். அடுக்கிவைத்து வெளிச்சத்தில் பார்த்தால், எங்கே பொருள் இருக்கிறதோ அங்கே மேடு. அதை வரைந்தது நவமணி.

அவள் கை நடுங்காது. காலை ஷிப்டு முடிந்து இரண்டரைக்கு நேராக என் அறைக்கு வருவாள், சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு பேனாவைத் திறப்பாள். எண்களைத் தொடுப்பதில் அவளுக்கு ஒரு சுகம், நம்பர் சொன்னா போதும்க்கா, நான் லைன் குடுத்துருவேன். ஒரு நாள் தாள்களை அடுக்கித் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சொன்னாள், "அக்கா, இங்க வா. இந்தப் பள்ளத்துல ஏதோ படுத்திருக்கு பாரு." மங்கலாக, நீளமாக, ஒரு மேடு. நான் அழுதுவிட்டேன். அவ்வளவு மாதம் கழித்து அந்தப் பள்ளத்தில் ஏதோ படுத்திருந்தது, அது என் மருந்தாகத்தானே இருக்க வேண்டும், வேறென்ன இருக்கும். இருக்கட்டும், இதில் ஒரு சங்கடம் உண்டு, எங்கள் தொழிலில் முதல் வருடமே சொல்லிக்கொடுப்பது. பிலிமில் விழும் புள்ளி அலையின் பலத்தை மட்டும்தான் சொல்லும், அது ஏற்றத்தில் வந்து சேர்ந்ததா இறக்கத்தில் வந்து சேர்ந்ததா என்ற மீதிப் பாதியைச் சொல்லாது. அந்தப் பாதிக்கு நம் யூகத்தைப் போட்டுத்தான் கணக்கிட வேண்டும். இங்கே மருந்து இருக்கிறது என்று வைத்துக் கணக்கிட்டால், வரைபடம் மருந்தைக் கொண்டுவந்து காட்டும். இன்னும் அழுத்தமாக வைத்தால் இன்னும் அழுத்தமாகக் காட்டும். நாம் வைத்ததை அது நமக்கே திருப்பித் தருகிறது, புதிதாகக் கண்டதுபோல. நான் வைத்தேன். இரண்டாவது சுற்றுத் தாள்களை வரைந்து தூக்கிப் பிடித்து நவமணி துள்ளினாள், "பாத்தியா, இப்ப நல்லாத் தெரியுது!" நல்லாத் தெரிந்தது. பிறை, வளைவு, வால் எல்லாம். ஒரு சின்னப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. கடைசி வரியில், கோடுகள் வரைந்து உதவிய நவமணிக்கு நன்றி என்று போட்டேன். அச்சில் அவள் பெயர் வந்தது அந்த ஒரு தடவைதான். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பிரேம் போட்டு அயனாவரம் வீட்டில் கூடத்தில் மாட்டினாள், இன்றுவரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கண்ணாடியைத் துடைக்கிறாள்.

ஐம்பத்தைந்து. நர்ஸ் கோமளா வந்து குழாயைச் சுண்டிப் பார்க்கிறாள். எரிச்சல் ஏதும் இருக்கா அம்மா? இல்லம்மா, ஐஸ்தான் பல்லு கூசுது. இப்போது சொல்லலாம். கோமளா பக்கத்தில் நிற்கிறாள், கையை நீட்டினால் அவள் முந்தானை, இல்லை, அவள் கோட்டின் நுனி. சிஸ்டர், ஒரு நிமிஷம். சொல்லவில்லை. கோமளா நூர்நிஷாவிடம் போய்விட்டாள். அன்று அந்தக் கட்டுரை விஷயத்திலும் இப்படித்தான் ஒவ்வொரு நாளும் யாராவது பக்கத்தில் வந்து நின்றார்கள், ஒவ்வொரு நாளும் நான் சொல்லவில்லை. சரிபார்க்க ஒரு வழி உண்டு. மருந்தை எடுத்துவிட்டுக் கணக்கிட வேண்டும். அது அங்கே இல்லவே இல்லை என்று வைத்து, எதை ஆசைப்பட்டோமோ அதை மட்டும் அப்புறப்படுத்திவிட்டு, மறுபடி வரைபடம் போட்டால், உண்மையில் இருக்கிற பொருள் அப்போதும் மேடாக எழுந்து நிற்கும். கட்டுரை வந்து ஒரு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், நவமணி ஷிப்டில் இருந்தபோது, எண்களை வாங்கிவந்து நானே வரைந்தேன். என் கோடுகள் அவள் கோடுகள்போல வழுக்கி ஓடாது, தடுமாறும். பதினேழாவது தாளில் தெரிந்துவிட்டது, ஆனாலும் நாற்பத்தெட்டும் வரைந்தேன். பள்ளத்தில் தனித்தனியாகச் சின்னச் சின்ன மேடுகள், ஒழுங்கான இடைவெளியில், முதுகெலும்பைப்போல. தண்ணீர். மருந்து இல்லாத பள்ளத்தில் தண்ணீர் மூலக்கூறுகள் அப்படித்தான் வரிசையாக உட்கார்ந்திருக்கும். என் தரவு மங்கல் என்பதால் அவை ஒன்றோடொன்று ஒட்டி, நீளமாக ஒரு உடம்பு படுத்திருப்பதாகத் தெரிந்தது. வெறும் தண்ணீரை மருந்து என்று எழுதியிருந்தேன். ஒரு கடிதம் எழுதித் திரும்பப் பெற்றிருக்கலாம், நாலு வரிக் கடிதம். நாலு பேர்தான் அந்தக் கட்டுரையை எங்காவது குறிப்பிட்டார்கள், யாரும் அதை நம்பி எதையும் செய்யவில்லை, யாருக்கும் கெடுதல் இல்லை. கடிதம் எழுதினால் கூடத்துச் சுவரிலிருந்து பிரேமை இறக்க வேண்டும், அதில் அவள் பெயர் இருந்தது. அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். என் பெயர் அதற்கு மேலே, அவள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை. தாள்களைச் சுருட்டிப் பரண்மேல் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கும், பல்லி முட்டைகளோடு.

யாருக்கும் கெடுதல் இல்லை. நாற்பது. போன பங்குனியில் தொடையில் இருந்த கட்டியை எடுத்துவிட்டு, நுரையீரலில் நாலு புள்ளி இருக்கிறது, மருந்து போட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நவமணி வேண்டாம் என்றாள். கையை மடித்து வைத்துக்கொண்டு, எக்ஸ்சேஞ்சுத் தமிழில், மரியாதையாக, "வேண்டாங்க டாக்டர். எனக்கு எழுபது வயசு. இந்த டிசம்பர்ல சர்ச் பாட்டுக்குழுவுல ஆல்டோ குரல்ல பாடணும், அது போதும். வாய் வெந்து போயிடும்னு சொல்றாங்க." டாக்டர் என்னைப் பார்த்தார். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். வீட்டில் விளக்கைப் போட்டதும் அவள் பார்வை பிரேமுக்குப் போனது. "ஏக்கா, அவர் சொன்ன மருந்து, டிஎன்ஏல போயி ஒட்டுமின்னாரே, அது நம்ம மருந்தா?" கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்ல எனக்கு அந்தச் செருப்பு கழற்றுகிற நேரம் இருந்தது. இடது கால் வாரை அவிழ்த்தாள். வலது கால் புண் இன்னும் ஆறவில்லை, குனிய முடியவில்லை, நான் குனிந்து கழற்றிவிட்டேன், குனிந்தபடியே சொன்னேன், ஆமா நவமணி, அதுதான். "அப்பம் சரி. உன் மருந்துன்னா போட்டுக்கிடுதேன்." அவள் இல்லாத வீட்டை நினைக்க எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். சாயந்தரம் இரண்டு டம்ளரில் ஒன்று மட்டும் அலமாரியில் இருந்து இறங்கும். அவளை எடுத்துவிட்டு என்னால் கணக்கிட முடியவில்லை. எனவே மருந்தை வைத்தேன், மறுபடியும் வைத்தேன், பள்ளத்தில் ஏதோ இருக்கிறது என்று. இப்போது நவம்பர் நடுவில் இருக்கிறோம். மூன்றாவது முறைக்குப் பிறகு ஒத்திகைக்குப் போனவள் பாதியில் திரும்பி வந்துவிட்டாள். குரல் வரலக்கா, காத்துதான் வருது. என்ன கெட்டுப்போச்சு, அடுத்த வருசம் பாடிக்கிடலாம் என்றேன். அடுத்த வருடம். அதையும் நான்தான் வைத்தேன்.

முப்பது. இப்போது நிறுத்தினால் என்ன மிச்சம்? எழுபது போய்விட்டது. முப்பது மில்லி ஒரு இதயத்தில் என்ன பெரிய வித்தியாசம் செய்துவிடும் என்று ஒரு மனம் சொல்கிறது, முதலிலேயே எண்பது மிச்சம் இருந்தபோது இருபது போய்விட்டதே என்று சொன்ன அதே மனம். ஜன்னலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தில் காக்கை ஒன்று உட்கார்ந்து ஈரத்தை உதறுகிறது. நவமணி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அக்கா." என்ன. "ரிப்போர்ட் வந்துட்டா?" எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருடம் இருந்தவள், எதிர்முனையில் மூச்சு மாறுவதை வைத்தே என்ன சேதி என்று சொல்லிவிடுவாள். வந்துட்டு என்றேன். "எங்க?" பையில். "குடு, பாப்போம். நீ வாங்கிட்டு வந்து மடியிலயே வச்சு அடைகாத்துக்கிட்டிருக்கே." டாக்டர் வரட்டும் என்றேன். "டாக்டர் வந்து பாக்கட்டும், வேண்டாங்கல. நமக்கு பிலிம் பாக்கத் தெரியாதாக்கும்?" ஊசி இல்லாத கையை நீட்டினாள். கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை, சொல்வதைவிடக் கொடுப்பது எளிதாக இருந்தது. பல்லால் உறையைக் கடித்துப் பிலிமை உருவி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள், அன்று கண்ணாடித் தாள்களைப் பிடித்த அதே கோணத்தில், ஒரு கண்ணைச் சுருக்கி. பிலிமின் நீலம் அவள் முகத்தில் விழுந்தது. ஊசி குத்திய கையை மெல்லத் தூக்கி, குழாய் ஆட, ஒரு விரலால் புள்ளிகளைத் தொட்டாள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோடு இழுத்துப் போனாள். அப்புறம் அந்தக் காற்றுக் குரலில் ஒரு சந்தோஷம் வந்தது. "அக்கா! முந்தி நாலுதானே இருந்துது? இப்ப பாரு எத்தன எடத்துல போய்ப் படுத்திருக்குன்னு. பிடிச்சிக்கிட்டு பாத்தியா மருந்து. நல்லாத் தெரியுது."

நூர்நிஷா தலையைத் திருப்பி, "தெரியுதாக்கா? மருந்து தெரியுமா அதுல?" என்கிறாள். தெரியும், தெரியும், எங்க அக்காகிட்ட கேளு என்கிறாள் நவமணி, பிலிமை இறக்காமல். நான் என்ன செய்ய. இந்த இடத்தில் ஆமாம் என்றால் அவள் சந்தோஷம் பன்னிரண்டரை வரைக்கும் இருக்கும், ஒரு மணி நேரம், அதற்குள் குழாய் காலியாகும், பிறகு டாக்டர் வருவார், அவர் சொல்லிக்கொள்வார், எனக்குப் பதிலாக அந்த இளைஞர் சொல்லிக்கொள்வார், நல்ல மனிதர், மெதுவாகச் சொல்வார். ஆமாம் என்று சொல்ல என் வாய் திறந்தது வரைதான் எனக்குத் தெரியும். அதிலிருந்து வந்தது வேறு. "அது மருந்து இல்ல, நவமணி." தாழ்ந்த குரலில்தான் சொன்னேன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. எந்தப் பிலிமைப் பற்றிச் சொன்னேன், இதையா, முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தியதையா, எனக்கே நிச்சயமில்லை. "அன்னைக்கும் அது மருந்து இல்ல. தண்ணி. அப்புறம் மருந்த எடுத்துட்டு கணக்குப் போட்டுப் பாத்தேன், வெறும் தண்ணிதான் இருந்துது. உன்கிட்ட சொல்லல. இது யாரோ கண்டுபிடிச்சது, என்னது இல்ல." அவள் பிலிமை இறக்கவில்லை. விரல் ஒரு புள்ளியில் நின்றது. அங்கிருந்து திரும்பி, இந்த முறை கோடு இழுக்காமல், ஒவ்வொன்றாக, தட்டித் தட்டி. உதடு அசைந்தது. எண்ணுகிறாள். எண்ணில் அவள் தப்பு செய்ததே இல்லை. ஏழு, எட்டு, ஒன்பது. பத்துக்கு அப்புறம் கொஞ்சம் தேடினாள், கடைசிப் புள்ளி சின்னது, இதயத்தின் நிழலுக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும், நானும் அதை இரண்டாவது பார்வையில்தான் கண்டேன். கண்டுபிடித்துவிட்டாள். பிலிமை மெதுவாக இறக்கி, மடியில் குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. காக்கை போய்விட்ட கிளையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம், அத்தனை பேர் முன்னால் என்னைக் கைநீட்டி அடித்திருக்கலாம்.

"என்னக்கா, பெரியக்கா என்னா சொல்றாங்க?" நூர்நிஷாவுக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியில் ஒருக்களித்து, குழாய் இழுபட, முகத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது. நவமணி அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள். வந்தது எக்ஸ்சேஞ்சுக் குரல், எங்கிருந்து எடுத்தாளோ, கிழிந்தும் தெளிவாகவும், அவசரமில்லாமல், தூரத்து ஊரில் இருக்கும் யாருக்கோ இணைப்புக் கிடைத்துவிட்டது என்று சொல்வதுபோல. "நல்லாப் பிடிச்சிருக்காம். நீங்க அசையாம உக்காருங்க, ஊசி நகந்துடும்." நூர்நிஷா அல்லாவுக்கு நன்றி சொல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கோமளா வந்து, அஞ்சு நிமிஷம் அம்மா, முடிஞ்சுது, கழுவி விட்டுடறேன் என்று உப்புநீர்ப் பாட்டிலை மாட்டினாள். நிறுத்துங்கள் என்ற சொல்லை இனி யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. குழாயில் சிவப்பு கீழே தள்ளப்பட்டுப் போனது, பின்னால் ரோஜா நிறம், அதற்குப் பின்னால் நிறமில்லாத ஒன்று, மேலிருந்து கீழே, அவள் கைவரைக்கும். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள், கண்ணை மூடாமல். "ஐஸ் குடு." ஃப்ளாஸ்கைத் திறந்து ஸ்பூனை விட்டுத் துழாவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். உருகிட்டு, தண்ணிதான் இருக்கு என்றேன். "அதயே குடு" என்றாள்.